இம்யூனோதெரபி ஊசிக்குப் பின் வயிற்றுப்போக்கு: கடலூர், புதுச்சேரி பக்கத்து நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் முழுமையான வழிகாட்டி

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த அந்த அம்மா, ஒரு மாதக் காலண்டரைச் சுருட்டிக் கட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பால் கணக்குக்காகச் சமையலறைக் கதவோரம் மாட்டியிருந்த காலண்டர். ஒவ்வொரு தேதிக்கும் மேலே பேனாவில் பால் அளவு எழுதியிருந்தது: அரை, ஒன்று, அரை. அதற்குக் கீழே பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள். 9ஆம் தேதி மூன்று, 10ஆம் தேதி ஐந்து, 11ஆம் தேதி ஏழு. அந்த ஏழில் இரண்டு கோடுகளைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

"வட்டம் போட்டது ராத்திரி எழுந்து போனது சிஸ்டர். அவருக்கு நான் எழுதுறது தெரியாது."

அவர் கணவருக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்றாவது இம்யூனோதெரபி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூன்று நாளாக வயிற்றால் போகிறது, வீட்டில் யாரும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லக் கூடாது என்று அவர் தடுத்து வைத்திருந்தார். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

புதுச்சேரியில் புற்றுநோய் டே-கேர் வார்டில் நர்சாக இருக்கிறேன். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இந்தப் பயத்தை நிறையப் பேரிடம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் நாளே சொன்னவர்களுக்கு மாத்திரையோடு முடிகிறது, பலரால் பிற்பாடு ஊசியையும் தொடர முடிகிறது. மறைத்து வைத்தவர்கள்தான் வார்டில் படுக்கிறார்கள், ஊசியையும் இழக்கிறார்கள். கீழே மருந்தின் அளவுகளையும் எழுதியிருக்கிறேன். டாக்டர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று உங்களுக்குப் புரிவதற்காக எழுதியவை அவை. நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

இந்த வயிற்றுப்போக்கு ஏன் வேறு மாதிரி

நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடும் டி-செல்களுக்கு பிரேக் உண்டு. சிடிஎல்ஏ-4 ஒரு பிரேக், பிடி-1 இன்னொன்று. புற்றுநோய் இந்த பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடுகிறது. இம்யூனோதெரபி ஊசி அந்த பிரேக்கை விடுவிக்கிறது. இதைக் கண்டறிந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பிரேக் இல்லாத டி-செல் புற்றுநோயை மட்டும் தாக்கும் என்று சொல்ல முடியாது. தோல், தைராய்டு, கல்லீரல், நுரையீரல் என்று எங்கும் கை வைக்கும். குடலில் கை வைத்தால் பெருங்குடலின் உள்சுவர் சிவந்து, வீங்கி, சில பேருக்குப் புண்ணாகிவிடுகிறது. இதைப் பெருங்குடல் அழற்சி என்கிறோம். டாக்டர்கள் 'கொலைட்டிஸ்' என்பார்கள்.

ஆக, இது கிருமியால் வந்த பேதியும் இல்லை, கீமோ மருந்து குடலை வறட்டியதால் வந்ததும் இல்லை. பேதியை நிறுத்தும் மாத்திரை வெளியே வருவதை மட்டும் அடைக்கும். உள்ளே எரிவது எரிந்துகொண்டே இருக்கும்.

சிடிஎல்ஏ-4 பிரேக்கை விடுவிக்கும் ஐபிலிமுமாப் ஊசியில்தான் இது அதிகம். அதை எடுப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. பிடி-1 பக்கத்து பிரேக்கை விடுவிக்கும் நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப், அட்டிசோலிசுமாப், டுர்வாலுமாப் போன்றவற்றைத் தனியாகக் கொடுக்கும்போது குறைவு. உண்மையான குடல் அழற்சி நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரைதான். இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால் ஆபத்து ஏறும். பெரும்பாலும் முதல் ஊசி போட்ட 6, 8 வாரத்தில் தலைகாட்டும். நிவோலுமாப் வகையில் பல மாதம் கழித்தும் வரலாம், ஊசியை நிறுத்திய பிறகும்கூட வரலாம்.

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நம் நாட்டில் நிவோலுமாபை 20 மி.கி. என்ற குறைந்த அளவில் கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மும்பை டாடா மெமோரியலில் நடந்த ஆய்வுக்குப் பிறகு, முழு அளவுக்குப் பணம் கட்ட முடியாத பலருக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. அளவு குறைவுதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். பிரேக்கை விடுவிக்கும் வேலையை அதுவும் செய்கிறது.

படி 1: முதல் ஊசிக்கு முன்பே செய்ய வேண்டியது

வழக்கமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவார் என்று எழுதி வையுங்கள். இது அற்பமாகத் தெரியும். ஆனால் பின்னால் எல்லா முடிவும் இந்த எண்ணை வைத்துத்தான். ஒரு தடவை போகிறவர் ஐந்து தடவை போவதும், ஏற்கெனவே மூன்று தடவை போகிறவர் ஐந்து தடவை போவதும் ஒன்றாகாது. மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருப்பவர்கள், பையை ஒரு நாளில் எத்தனை முறை காலி செய்கிறார்கள், எவ்வளவு தண்ணீராக இருக்கிறது என்று எழுதலாம்.

பழைய சங்கதி எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சின்ன வயதில் டிபி வந்து ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டது, மஞ்சள் காமாலை, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் அல்லது கிரோன் நோய், இதய பலவீனம் எல்லாமே முக்கியம். "அது முப்பது வருசத்துக்கு முன்னாடிங்க" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த முப்பது வருடப் பழசுதான் வந்து நிற்கும். நெல்லிக்குப்பம் பெரியவர் கதையில் அதைப் பார்ப்பீர்கள்.

மூட்டு வலிக்கு, முதுகு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன், அசிக்ளோஃபினாக் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இவை குடல் அழற்சியைத் தூண்டக்கூடியவை. வலிக்குப் பாராசிட்டமாலில் தொடங்குவது நல்லது.

அப்புறம் ஒரு சீட்டு. ஒரு தபால் அட்டை அளவுக் காகிதத்தில் நோயின் பெயர், ஊசியின் பெயர், கடைசியாகப் போட்ட தேதி, எத்தனையாவது ஊசி, டாக்டரின் பெயர், வார்டு போன் நம்பர், இவற்றை எழுதி லேமினேட் செய்து பர்சில் வையுங்கள். கொட்டை எழுத்தில் "இம்யூனோதெரபி, கீமோதெரபி அல்ல" என்றும் எழுதுங்கள். நடு ராத்திரி கேசுவால்டியில் பதறிக்கொண்டு நிற்கும்போது நிவோலுமாப் என்ற பெயர் யார் வாயிலும் வராது.

படி 2: எண்ணுங்கள், எழுதுங்கள்

வழக்கத்தைவிட எத்தனை தடவை கூடுதல் என்பதை வைத்து நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கூடுதல் 4க்குக் குறைவாக இருந்தால் முதல் நிலை. 4 முதல் 6 வரை கூடுதல் என்றால் இரண்டாம் நிலை. 7 அல்லது அதற்கு மேல் கூடினாலோ, கழிப்பறைக்குப் போகும் முன்பே துணியில் போய்விட்டாலோ, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தாலோ மூன்றாம் நிலை. உயிருக்கே ஆபத்து என்றால் நான்காம் நிலை.

அந்தக் காலண்டரையே எடுத்துக்கொள்வோம். பெரியவர் வழக்கமாகக் காலையில் ஒரு தடவை போகிறவர். 11ஆம் தேதி ஏழு. கூடுதல் ஆறு. இரண்டாம் நிலை, அதுவும் மூன்றின் வாசலில். டியூட்டி டாக்டர் காலண்டரை மேசையில் விரித்து வைத்து, மூன்று, ஐந்து, ஏழு என்று விரலால் தொட்டுப் பார்த்தார். அதற்கு மேல் அதிகம் கேட்கவில்லை. நாளுக்கு நாள் ஏறுகிறது, ராத்திரியும் எழுப்புகிறது என்பதை அந்தப் பென்சில் கோடுகளே சொல்லிவிட்டன.

எண்ணிக்கை மட்டும் போதாது. ரத்தம் கலந்திருந்தால் ஒரு குறி, சளி போல வந்தால் ஒரு குறி, தூக்கத்திலிருந்து எழுப்பினால் வட்டம், வயிறு முறுக்கினால் இன்னொரு குறி. ரத்தமோ சளியோ வயிற்று வலியோ இருந்தால், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அழற்சி இருக்கக்கூடும் என்று டாக்டர் எடுத்துக்கொள்வார். நம் வீடுகளில் ஆண்கள் இதைப் பேசவே கூச்சப்படுகிறார்கள். மகளிடமோ மருமகளிடமோ சொல்ல மாட்டார்கள். கழிப்பறைக் கதவில் ஒரு காகிதத்தை ஒட்டி, நூலில் பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். அவரே கோடு போட்டுக்கொள்வார்.

படி 3: முதல் நாளே போன் செய்யுங்கள்

வழக்கத்தைவிட இரண்டு தடவை கூடினாலும் போன் செய்யலாம், யாரும் திட்ட மாட்டார்கள். முதல் நிலை என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள், ஓரிரு நாளில் மறுபடி கேட்பார்கள். அடுத்த ஊசி தேதி நெருங்கினால் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

இப்போது மருந்துக்கடை விஷயம். நம் ஊரில் வயிற்றால் போகிறது என்று கடையில் சொன்னால், பேதியை நிறுத்தும் லோப்பராமைடும், ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் கையில் வந்துவிடும். டாக்டர் சீட்டு கேட்பது குறைவு. லோப்பராமைடு எடுத்தால் எண்ணிக்கை குறையும், காலண்டரில் கோடும் குறையும், எல்லாரும் நிம்மதியாகிவிடுவீர்கள். குடலோ உள்ளே புண்ணாகிக்கொண்டிருக்கும். அழற்சி கடுமையாக இருக்கும்போது அதை எடுத்தால் பெருங்குடல் பலூன் போல ஊதி ஓட்டை விழும் அபாயமும் உண்டு. முதல் நிலையில், கிருமி இல்லை என்று தெரிந்த பிறகு, டாக்டரே அதைக் கொடுக்கலாம். அது அவர் முடிவு. ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் போட்டால் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, புதிதாக வேறு ஒரு பேதி வந்து சேரும்.

மாதுளைத் தோல் கஷாயம், ஓமத் தண்ணீர், எலுமிச்சை பிழிந்த கடுங்காப்பி எல்லாம் பாட்டி காலத்திலிருந்து செய்வதுதான். இவற்றைக் கொடுத்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் "கஷாயம் கொடுத்துப் பார்ப்போம்" என்று மூன்று நாள் ஓடிப்போவதுதான் இங்கே கெடுதல்.

வீட்டில் செய்ய வேண்டியது தண்ணீர்ச் சத்தைக் காப்பது. ஓஆர்எஸ் பொடியின் பெரிய பாக்கெட்டை முழுசாக 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரையுங்கள். பாதி பாக்கெட், கண்ணளவுத் தண்ணீர் என்று கரைக்காதீர்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பு பானங்களில் சர்க்கரை அதிகம், அவை பேதியைக் கூட்டும். பொடி கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒரே மூச்சில் குடித்தால் வாந்தி வரும், ஒவ்வொரு மடக்காகக் குடிக்கட்டும். இளநீரும் நல்லதுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால், கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

சாப்பாட்டில் குழைந்த சாதம், அரிசிக் கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, இட்லி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு போதும். கீரை, பச்சைக் காய்கறி, பருப்பு, எண்ணெய்ப் பலகாரம், காரக் குழம்பு வேண்டாம். பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, நிறுத்திப் பாருங்கள். பண்ருட்டிப் பலாப்பழ சீசனில் பலாச்சுளை, முந்திரி எல்லாம் வீட்டில் வந்து குவியும். அந்த ஒரு சீசனை நோயாளி விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

அடிக்கடி கழுவுவதால் ஆசனவாய்த் தோல் உரிந்துவிடும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, வாசலின் தடவுங்கள். கழிப்பறை கொல்லைப்புறம் இருக்கிற வீட்டில் ராத்திரி தனியாக அனுப்பாதீர்கள். நீர் வற்றிய உடம்பு எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழும். படுக்கை பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி வைத்தால் இருவருக்கும் தூக்கம் மிச்சம்.

படி 4: எப்போது போன் போதாது

ரத்தமாகப் போவது, வழக்கத்தைவிட ஏழு தடவையோ அதற்கு மேலோ கூடுவது, காய்ச்சல், வயிறு கல் போல இறுகித் தொட்டாலே வலிப்பது, வயிறு ஊதி வாயு பிரியாமல் இருப்பது, நிற்க முடியாத தலைசுற்றல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, குழப்பமாகப் பேசுவது. இதில் ஒன்று இருந்தாலும் நேரே கேசுவால்டிக்கு.

எங்கே போவது என்பதில் நான் சொல்வது இது: நிற்க முடிகிறது, பேசுகிறார் என்றால் ஊசி போடும் ஆஸ்பத்திரிக்கே போங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 25 கி.மீ.தான். ஆனால் மாலை நேரத்தில் தவளக்குப்பம், அரியாங்குப்பம் நெரிசலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போக வேண்டாம், வழியில் அவசரம் வந்தால் மனிதர் அவமானத்தில் கூனிப்போவார். ஆட்டோவோ காரோ எடுங்கள். பெட்ஷீட், பெரியவர்களுக்கான டயப்பர், மாற்றுத் துணி, ஓஆர்எஸ் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் துவண்டுவிட்டார், பிபி விழுந்திருக்கும் என்று தோன்றினால் 108ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனையில் முதலில் ட்ரிப் ஏற்றட்டும். கடலூரில் மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் என்றால் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரியில் ஜிப்மர். நிலைமை தேறியதும் மாற்றிக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "இவருக்குப் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி ஊசி போடுகிறோம். கடைசி ஊசி இந்தத் தேதி. அதிலிருந்து குடல் அழற்சியாக இருக்குமோ என்று பார்க்கச் சொன்னார்கள்." கேசுவால்டியில் ஒரு ராத்திரியில் எத்தனையோ பேதி கேஸ் வரும். இதைச் சொல்லாவிட்டால் ஒரு ட்ரிப் ஏற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

படி 5: பரிசோதனைகள்

முதலில் கிருமி இல்லை என்று உறுதி செய்வார்கள். மலத்தில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), அமீபா போன்ற ஒட்டுண்ணிகள், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் நச்சு. டப்பாவைத் திறந்து வைக்காமல், சிறுநீர் கலக்காமல், கூடிய சீக்கிரம் லேபில் கொடுங்கள். கால்புரொடெக்டின் என்று இன்னொரு மலப் பரிசோதனை இருக்கிறது. அது குடல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும். பின்னால் ஆறுகிறதா என்று பார்க்கவும் உதவும்.

ரத்தத்தில் அணுக்கள், சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், கல்லீரல், தைராய்டு பார்ப்பார்கள். குடலைத் தாக்கியது வேறு எங்கும் கை வைத்திருக்கிறதா என்று தெரிய வேண்டும். வயிற்று வலியும் காய்ச்சலும் இருந்தால் சிடி ஸ்கேன்.

இரண்டாம் நிலையிலிருந்து, முக்கியமாக ரத்தம் போனால், குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் இடப்பக்கம் மட்டும் பார்த்தால் போதும். பயப்பட வேண்டாம், சிறிது நேரத்தில் முடிந்துவிடும். ஆழமான புண் இருந்தால், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து மட்டும் போதாமல் போகலாம் என்று அப்போதே தெரிந்துவிடும், அடுத்த மருந்துக்குத் தயாராகலாம். பார்வைக்குக் குடல் நன்றாக இருந்தாலும் துணுக்குச் சதை எடுப்பார்கள். சிலருக்கு அழற்சி மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். சிஎம்வி என்ற வைரஸ் ஒளிந்திருக்கிறதா என்பதும் அதில் தெரியும்.

ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, டிபிக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் இக்ரா ரத்தப் பரிசோதனையும், ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி பரிசோதனைகளும் எடுத்தாயிற்றா? ஸ்டீராய்டு ஏறிய பிறகு டிபி பரிசோதனை சரியாகக் காட்டாமல் போகலாம். இரண்டு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடல் புழுவைப் பார்க்க வேண்டுமா? செருப்பில்லாமல் வயலில், ஈர மண்ணில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் புழு சத்தமில்லாமல் பல வருடம் உள்ளே இருக்கும். பெரிய அளவு ஸ்டீராய்டு கொடுத்தால் பெருகி உடம்பெல்லாம் பரவும். ஐவர்மெக்டின் மாத்திரையில் முடிகிற விஷயம். காட்டுமன்னார்கோயில், பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் இதை நான் தவறாமல் கேட்பேன்.

எல்லா முடிவும் கைக்கு வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ள மாட்டார்கள். ஆள் மோசமாக இருந்தால் சாம்பிளை எடுத்துவிட்டு அன்றே தொடங்குவார்கள்.

படி 6: ஸ்டீராய்டு

இரண்டாம் நிலையில் ஊசியை நிறுத்தி வைத்து, ப்ரெட்னிசோலோன் மாத்திரை உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மி.கி. வீதம் தினமும். 50 கிலோ ஆள் என்றால் 50 மி.கி. மூன்றாம், நான்காம் நிலையில் வார்டில் சேர்த்து, மெத்தில்ப்ரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. நரம்பு வழியாக. கூடவே ட்ரிப், பொட்டாசியம். வயிறு நிலைமை மோசமாக இருந்தால் சர்ஜனையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மாலையில் கொடுத்தால் ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பார். பசி அகோரமாக இருக்கும். கோபம் வரும், சில பேர் காரணமில்லாமல் அழுவார்கள். மருந்து செய்யும் வேலை அது, அவர் குணம் மாறிவிட்டது என்று மனம் நோகாதீர்கள். சர்க்கரை ஏறும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் ஏறும், அதிலும் மத்தியானத்துக்கு மேல். குளுக்கோமீட்டரில் காலையில் மட்டும் பார்த்துவிட்டு சரி என்று விடாமல், மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

ப்ரெட்னிசோலோன் 20 மி.கி.க்குக் குறையாமல் நான்கு வாரம் போகும் என்றால், ஒரு வகை நிமோனியா வராமலிருக்க கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை சேர்ப்பார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். எலும்புக்கு கால்சியம், வைட்டமின் டி. வயிற்றுப் புண்ணுக்கு ஒரு மாத்திரை.

மூன்று நாள்தான் கணக்கு. நல்ல பதில் இருந்தால் மூன்றாவது நாள் கோடுகள் குறைய வேண்டும். குறையாவிட்டால் ஐந்தாவது நாளுக்குள் அடுத்த படிக்குப் போயிருக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் என்று ஸ்டீராய்டையே கூட்டிக்கொண்டு இருப்பதில் பலன் குறைவு, தொல்லை அதிகம். டாக்டரிடம் பணிவாக, "மூணு நாள் ஆச்சு டாக்டர், குறையலையே, அடுத்த மருந்து யோசிக்கலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

படி 7: ஸ்டீராய்டுக்கு அடங்காவிட்டால்

இரண்டு மருந்துகள் முக்கியம். இன்ஃப்ளிக்சிமாப்: கிலோவுக்கு 5 மி.கி., இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக. முதல் டோஸ், இரண்டு வாரம் கழித்து ஒன்று, ஆறாவது வாரம் ஒன்று. வேகமாக வேலை செய்யும், சிலருக்கு ஓரிரு நாளிலேயே வித்தியாசம் தெரியும். உள்ளே டிபி தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடும். குடலில் ஓட்டை, கடும் கிருமித் தொற்று, இதய பலவீனம் இருந்தால் கொடுக்க மாட்டார்கள். இம்யூனோதெரபி ஊசியால் கல்லீரலும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தாலும் தவிர்ப்பார்கள்.

வெடோலிசுமாப்: 300 மி.கி., அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம், இதுவும் 0, 2, 6 வாரக் கணக்குதான். குடலுக்குள் போகும் டி-செல்களை மட்டும் தடுக்கும் என்பதால் உடம்பின் மற்ற இடங்களில் எதிர்ப்புச் சக்தி அவ்வளவாகக் குறையாது. கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும், விலையும் கூடுதல்.

நெல்லிக்குப்பம் பெரியவருக்கு மாத்திரையில் நான்கு நாள் பார்த்தார்கள். ஏழு ஆறாயிற்று, அதற்குக் கீழே இறங்கவில்லை, ரத்தமும் தெரிந்தது. வார்டில் சேர்த்து நரம்பில் ஸ்டீராய்டு போட்டார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் புண்கள். எக்ஸ்ரேயில் மேல் நுரையீரலில் பழைய வடு. அப்போதுதான் அந்த அம்மா, "கல்யாணமான புதுசுல இவருக்கு டிபி வந்துச்சு, மாத்திரை சாப்பிட்டாரு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் இன்ஃப்ளிக்சிமாப் ஒதுங்கி, வெடோலிசுமாப் வந்தது. பணத்துக்குக் குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும். இரண்டாவது டோஸ் போட்ட வாரத்தில் காலண்டரில் ஒரே ஒரு கோடு.

ஒன்றுக்குக் கேட்காவிட்டால் மாற்றி இன்னொன்று கொடுப்பார்கள். அதற்கும் கேட்காவிட்டால் டோஃபாசிட்டினிப், உஸ்டெக்கினுமாப் போன்ற வேறு மருந்துகள், ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை மாற்றி வைப்பது என்று வழிகள் இருக்கின்றன. இவை பெரிய மையங்களில் குடல் நிபுணரோடு சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகள்.

காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் சேரும் அன்றே காப்பீட்டு உதவி மையத்தில் எந்த மருந்துக்குப் பணம் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். புற்றுநோய் சிகிச்சையின் பக்கவிளைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருக்கட்டும்.

படி 8: ஸ்டீராய்டைக் குறைப்பது

என் அனுபவத்தில் அதிகம் தவறுவது இங்கேதான். வயிறு சரியானதும் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். முகம் உப்பிவிட்டது, சர்க்கரை ஏறுகிறது, யாரோ ஸ்டீராய்டு கெடுதல் என்று சொன்னார்கள் என்று ஆளுக்கொரு காரணம். திடீரென்று நிறுத்தினால் அழற்சி திரும்பும். அதோடு, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை மறந்திருக்கும். அசதி, வாந்தி, பிபி விழுவது என்று ஆபத்தில் முடியும்.

நான்கு முதல் ஆறு வாரம் எடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். 50 மி.கி. என்றால் சில நாளுக்கு ஒரு முறை 10, கீழே வந்த பிறகு 5 என்று. இன்ஃப்ளிக்சிமாப், வெடோலிசுமாப் போட்டவர்களுக்கு இன்னும் வேகமாக இறக்க முடியும். மாத்திரைகள் 5, 10, 20, 40 மி.கி. என்று வருவதால் பட்டைகள் குழம்பும். எந்தத் தேதிக்கு எத்தனை மி.கி. என்று அதே காலண்டரில் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது நர்சிடம் கேட்டால் நாங்களே எழுதித் தருவோம். அளவைக் குறைத்த அந்த வாரத்தில் கோடுகள் மறுபடி ஏறினால் உடனே போன். நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள்.

படி 9: மறுபடி ஊசி போடலாமா

எல்லாரும் கேட்க நினைத்து, கேட்கப் பயப்படும் கேள்வி. ஐபிலிமுமாபால் மூன்றாம் நிலை வந்தால் அந்த ஊசியைப் பொதுவாகத் திரும்பத் தொட மாட்டார்கள். நான்காம் நிலை வந்தால் எந்த வகையானாலும் நிரந்தரமாக நிறுத்தம். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் வகையில் இரண்டாம் நிலை வந்து, முழுக்க ஆறி, ஸ்டீராய்டு சின்ன அளவுக்கு இறங்கிய பிறகு பலருக்கு மறுபடி தொடங்க முடிகிறது. மூன்றாம் நிலைக்கும் சில சமயம் யோசிப்பார்கள். மறுபடி வரலாம் என்பதால் வெடோலிசுமாபைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே ஊசியைத் தொடங்குவதும் உண்டு.

ஊசி நின்றால் நோய் உடனே பாயும் என்று நினைத்து நொந்துபோகாதீர்கள். நிவோலுமாப் போன்ற மருந்து பாதி குறையவே சுமார் மூன்றரை வாரம் ஆகும். விடுவித்த பிரேக் அதற்குப் பிறகும் பல வாரம் விடுபட்டே இருக்கும். பக்கவிளைவால் ஊசியை நிறுத்திய பலருக்குக் கட்டி மாதக்கணக்கில் அடங்கியே இருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. நெல்லிக்குப்பம் பெரியவருக்கு இப்போது ஊசி இல்லை, ஸ்கேன் மட்டும்தான். போன தடவை பார்த்தபோது கட்டி வளரவில்லை.

இதே காரணத்தால், ஊசி நின்ற பிறகும் எண்ணுவதை விட வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வயிற்றால் போனாலும் அந்த லேமினேட் சீட்டை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்சிமாப் எடுக்கும் காலத்தில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி எதையும் போடக் கூடாது. ஃப்ளூ ஊசி போடலாம், தேதியை மட்டும் வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.